வேதனையைக் கேட்கும் வைத்தியர்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கிழக்கு ஓரத்தில், கடனீரேரியின் கரையைத் தழுவிக் கிடக்கும் கொழும்புத்துறையில், விடியற்புறம் வலை இழுத்துவிட்டு வந்து நாரியைப் பிடித்துக்கொண்டு திண்ணையிற் சாய்கின்ற கடற்றொழிலாளியும், நீரிழிவினால் உள்ளங்கால் எரிய இரவெல்லாம் நித்திரையின்றிப் புரளுகின்ற மூதாட்டியும், யுத்தகாலத்தில் உடம்பிற் புகுந்த இரும்புத் துண்டை இன்றும் சுமந்துகொண்டு சைக்கிள் மிதிக்கின்ற குடும்பஸ்தரும், தத்தம் வேதனையைப் பற்றி வாய்திறந்து பேசுவது மிக அரிது. வற்புறுத்திக் கேட்டால், "வயசு போனால் நோகாமல் இருக்குமே?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, இரண்டு பனடோலை விழுங்கி, நாரியில் எண்ணெயைத் தடவிக்கொண்டு படுத்துவிடுவார்கள். தாங்கிக்கொள்வது பெருமை, சொல்லுவது பலவீனம் என்னும் அபிப்பிராயம் நம்மவரிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

ஆனால், நாட்பட்ட நோவைத் தணிப்பதையே தமது பிரதான கடமையாகக் கொண்ட வைத்தியர்கள் உலகெங்கும் தோன்றி ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு ஆகிறது. அத்தகைய வைத்தியரிடம் செல்கின்ற நோயாளர் அங்கே காண்பது என்ன, அவர் ஏன் மற்ற வைத்தியர்களைப் போலன்றி வேறு விதமாகக் கேள்வி கேட்கிறார், அவர் தருகின்ற மருந்துகள் ஏன் சில வேளைகளில் நமக்கு வியப்பையும் அச்சத்தையும் உண்டாக்குகின்றன என்பவற்றைச் சாதாரண வாசகர்களும் அறிந்திருப்பது அவசியம்.

வேதனை என்பது நோயின் அறிகுறி மாத்திரமே, நோயைத் தீர்த்தால் அதுவும் தானாகவே தீர்ந்துவிடும் என்பதுதான் நெடுங்காலமாக வைத்திய சாஸ்திரத்தின் கொள்கையாய் இருந்தது. 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஈதர் என்னும் திரவத்தின் ஆவியை முகரச் செய்து, நோயாளி நோவறியாத நிலையில் சத்திரசிகிச்சை செய்து காட்டப்பட்டபோது, கத்தியின் கீழ் மனிதன் அலறும் யுகம் முடிவுக்கு வரத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின்னர் மானிப்பாயில் நிலைகொண்டு, மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தும் வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்தும் தொண்டாற்றிய டொக்டர் சாமுவேல் கிறீன், நோயாளியின் பாஷையை வைத்தியன் அறிந்திருக்க வேண்டும் என்னும் உண்மையை நமக்கு அன்றே செய்துகாட்டினார். சத்திரசிகிச்சையின் நோவு இவ்வாறு வெல்லப்பட்டபோதிலும், காயம் ஆறிய பின்னும் ஆறாத நோவு, காரணம் புலப்படாத நோவு, தீராத வியாதியோடு கூடிய நோவு ஆகியவற்றைக் கேட்பார் இல்லாமலே இன்னும் ஒரு நூறாண்டு கழிந்தது.

அந்த நிலைமையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஜோன் பொனிக்கா என்பவர். இத்தாலியத் தீவொன்றிற் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவிற் குடியேறி, வைத்தியக் கல்விக்கு வேண்டிய பணத்தை மல்யுத்த மேடையிற் சம்பாதித்த அவர், இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் இராணுவ ஆசுபத்திரி ஒன்றில் மயக்க மருந்து வைத்தியராய்ப் பணிபுரிந்தார். காயம் ஆறி, எலும்பு பொருந்தி, எல்லா வைத்தியர்களும் 'சுகம்' என்று எழுதிக் கொடுத்த பின்னும் வேதனையால் துடித்த போர்வீரர்களை அவர் அங்கே கண்டார். அவர்களுக்கு எந்த ஒரு துறை வைத்தியரிடமும் தனியே விடை இல்லாதிருந்தமையால், நரம்பு வைத்தியர், எலும்பு வைத்தியர், மனநல வைத்தியர் ஆகியோரை ஒன்றுகூட்டி, ஒரே நோயாளியைப் பற்றி எல்லோரும் கலந்து ஆலோசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பெருநூல் இத்துறையின் அஸ்திவாரமாயிற்று. மல்யுத்தத்தில் அடைந்த காயங்களால் தமது வாழ்நாள் முழுவதும் மூட்டு நோவை அநுபவித்தவர் அவர். நோயாளியின் சொல்லை அவர் நம்பியதற்கு அந்தச் சொந்த அநுபவமும் ஒரு காரணமாய் இருந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1965இல், ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் என்னும் இரு விஞ்ஞானிகள், அடிபட்ட இடத்திலிருந்து புறப்படும் செய்தி நேரே மூளைக்குச் செல்வதில்லை என்றும், முள்ளந்தண்டுக்குள் ஒரு வாயில் இருந்து அச்செய்தியை விடுவதும் தடுப்பதும் செய்கிறது என்றும் ஒரு கொள்கையை வெளியிட்டனர். காலில் இடித்துக்கொண்டவுடன் அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கிறோமே, அப்பொழுது நோவு சற்றே குறைகிறதே, அதன் காரணத்தை இக்கொள்கை விளக்கியது. அச்சமும், துக்கமும், நித்திரையின்மையும் அந்த வாயிலை அகலத் திறந்துவிடுகின்றன. ஆறுதலும் உறக்கமும் மனத்தெம்பும் அதைச் சாத்துகின்றன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நோவை நாட்பட்ட நோவு என்று இன்றைய வைத்தியர் வகுக்கின்றனர். அத்தகைய நோவிலே, கள்வன் போய் வெகுநேரம் ஆன பின்னும் குரைப்பதை நிறுத்தத் தெரியாத காவல் நாயைப் போல, நரம்பு மண்டலமே தவறான எச்சரிக்கையை ஓயாது எழுப்பிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரேப் படத்தில் ஒன்றும் தெரியாதிருப்பது வேதனை பொய் என்பதற்குச் சாட்சியாகாது என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, வைத்தியரின் அறைக்குள்ளே நடப்பதைச் சற்று அருகிருந்து பார்ப்போம். வழக்கமான கிளினிக்கில் நோயாளி ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. துண்டு எழுதி முடிவதற்குள் அடுத்தவரின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள். வேதனை வைத்தியரோ முதலிற் கேட்பது 'எங்கே நோகிறது' என்பதோடு நில்லாது, 'எப்படி நோகிறது' என்பதாகும். குத்துகிறதா, கடுக்கிறதா, உளைகிறதா, எரிகிறதா, விண்விண் என்று தெறிக்கிறதா, விறைத்துப் போகிறதா என்று அவர் ஒவ்வொன்றாய் விசாரிப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. உளைவும் கடுப்பும் பெரும்பாலும் தசையையும் மூட்டையும் சுட்டுகின்றன. எரிவும், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற தெறிப்பும், விறைப்பும் நரம்பே பழுதுற்றிருப்பதைக் காட்டுகின்றன. இரண்டுக்கும் மருந்து வேறு. பரிசோதனைக் கருவிகள் பல வேளைகளிற் காட்டித்தராத இந்தப் பேதத்தை நோயாளியின் வாய்மொழியே காட்டித்தருகிறது.

நீரிழிவுக்காரியான ஒரு மூதாட்டிக்கும் வைத்தியருக்கும் இடையில் இப்படியொரு சம்பாஷணை நடப்பது வழக்கம்:

"அம்மா, கால் எப்பிடி நோகுது?"

"என்னெண்டு சொல்லுறது தம்பி, பகலிலை பறவாயில்லை. ராவிலைதான் நெருப்புத் தணலிலை வைச்ச மாதிரி எரியும். மேலை போர்க்கிற சீலை பட்டாலும் தாங்கேலாது."

"சீலை பட்டாலும் நோகுதோ? எத்தினை நாளா நித்திரை இல்லை?"

"ஆர் தம்பி இதெல்லாம் கேட்டது இவ்வளவு நாளும்?"

மெல்லிய சீலை பட்டாலும் நோகிறது என்று அம்மூதாட்டியார் சொல்லும் அந்த ஒரு வாக்கியம் வைத்தியருக்குப் பெரிய தடயம். நரம்பு தொடுகையைக்கூட வேதனையாய் மாற்றிக் காட்டுகிறது என்பது அதனால் தெளிவாகிறது. அவர் எழுதிக் கொடுப்பதோ அமிற்றிரிப்ரிலின் என்னும் மருந்தாகவோ, கபாபென்ரின் என்னும் மருந்தாகவோ இருக்கும். முன்னது மனச்சோர்வுக்கும், பின்னது வலிப்பு நோய்க்கும் கொடுக்கப்படுபவை. மருந்துக் கடையிலோ, படித்த பேரப்பிள்ளையின் மூலமாகவோ இதை அறிந்துகொள்ளும் நோயாளி, "எனக்கென்ன விசரே?" என்று கோபங்கொண்டு மருந்தை எறிந்துவிடுவதும் உண்டு. அதே மருந்துகள் பழுதுற்ற நரம்பின் மிகையான துடிப்பை அடக்குகின்றன என்பதையும், அவை பலன் தருவதற்குச் சில வாரங்கள் செல்லும் என்பதையும் முதலிலேயே எடுத்துச் சொல்லுகின்ற வைத்தியரின் நோயாளர் மருந்தை விடுவதில்லை. மருந்து ஒன்றாகவே இருந்தாலும், விளக்கம் கிடைத்தவருக்கும் கிடையாதவருக்கும் பலன் வேறாகிறது.

யாழ்ப்பாணத்தின் சரித்திரம் இன்னொரு விசித்திரமான வேதனையையும் நமக்கு மிகுதியாகத் தந்திருக்கிறது. மிதிவெடியாலும் எறிகணையாலும் கால் கைகளை இழந்தவர்கள் நம் குடாநாட்டிலும் வன்னியிலும் ஏராளம். 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஆரம்பிக்கப்பட்ட ஜெய்ப்பூர் நிறுவனம், இத்தகையோருக்குச் செயற்கைக் கால்களைப் பொருத்தி, எழுந்து நடக்கச் செய்த அருந்தொண்டு யாவரும் அறிந்தது. ஆயினும், இல்லாத காலின் விரல் நோகிறது, வெட்டி எடுத்த பாதத்தில் முள் தைத்தாற்போல் இருக்கிறது என்று அவர்களிற் பலர் சொல்லும்போது, கேட்பவர்கள் அதை மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். அது பிரமை அன்று. அவயவத்தை இழந்தவர்களிற் பெரும்பான்மையோர் அநுபவிக்கின்ற இந்த வேதனை, அமெரிக்க உள்நாட்டு யுத்தக் காலத்திலேயே வைத்தியர்களால் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கால் போய்விட்டாலும் காலுக்குரிய இடம் மூளையில் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றும் நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில், இதற்கு ஒரு சாதாரண முகக்கண்ணாடியைக்கொண்டே பரிகாரம் கண்டார். கையை இழந்த நோயாளி, தமது இல்லாத கை இறுகப் பொத்திக்கொண்டிருப்பதாகவும், நகங்கள் உள்ளங்கையைக் கிழிப்பதாகவும் உணர்கிறார். திறக்க முயன்றாலும் திறக்க முடிவதில்லை. அவருடைய நெஞ்சுக்கு நேரே கண்ணாடியை நிறுத்தி, மிஞ்சியிருக்கும் கையை அதன் முன் வைத்து, கண்ணாடிக்குள்ளே பார்க்கச் சொன்னால், இழந்த கை மீண்டு வந்தாற்போன்ற தோற்றம் தெரிகிறது. நல்ல கையைப் பொத்தி, மெல்ல விரிக்கும்போது, கண்ணாடியில் இழந்த கையும் விரிகிறது. அதைக் கண்ணால் கண்ட மூளை, பொத்திய பிடியை விட்டுவிடுகிறது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லையாயினும், காலிழந்த போர்வீரர்களிடத்தில் அமெரிக்க இராணுவ ஆசுபத்திரியொன்றில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வும் இம்முறை வேதனையைத் தணிப்பதைக் காட்டியது. செலவு ஒரு கண்ணாடியின் விலை மாத்திரமே. நம் நாட்டில் அவயவம் இழந்த ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சிகிச்சை இது.

வேதனை வைத்தியரின் பணி உச்சநிலையை அடைவது புற்றுநோயாளரிடத்திலாகும். தாதியாயும், சமூக சேவகியாயும் தொண்டாற்றிய பின்னர் வைத்தியராகிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவினார். வேதனை மீண்டும் எழுந்து நோயாளி அழும்வரை காத்திராது, எழுவதற்கு முன்னரே மணிக்கணக்குப்படி மோர்பினை வாய்வழியாகக் கொடுத்துவந்தால், நோயாளி மயங்கிக் கிடக்காமலும், மருந்துக்கு அடிமையாகாமலும், மனைவி மக்களோடு பேசிச் சிரித்துக் கடைசி நாட்களைக் கழிக்க முடியும் என்பதை அவர் பிரத்தியட்சமாக நிரூபித்தார். சரீரத்தின் நோவோடு, மனத்தின் துக்கமும், குடும்பத்தின் கவலையும், ஆன்மாவின் தவிப்பும் சேர்ந்ததே முழு வேதனை என்பது அவர் கண்ட சித்தாந்தம். 1986இல் உலக சுகாதார ஸ்தாபனம், பரசிற்றமோல் முதலாக மோர்பின் ஈறாகப் படிப்படியாய் ஏறும் முறையொன்றை வகுத்து, எல்லா நாடுகளுக்கும் சிபார்சு செய்தது.

நமக்கு மிக அருகிலே, கேரளத்தில், இந்த வழியைப் பரப்பியவர் டொக்டர் எம். ஆர். ராஜகோபால். மயக்க மருந்து வைத்தியராகிய அவர், தம் வாழ்வைத் திருப்பிய ஒரு சம்பவத்தைத் தாமே பல இடங்களிற் சொல்லியிருக்கிறார். புற்றுநோயின் கடும் வேதனையோடு தம்மிடம் வந்த ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அவர் நரம்பில் ஊசி ஏற்றினார். நோவு முற்றாக நின்றது. மீண்டும் எப்பொழுது வரவேண்டும் என்று நோயாளி கேட்க, நோவு திரும்பினாலன்றி வரவேண்டியதில்லை என்று வைத்தியர் மனத்திருப்தியோடு சொல்லி அனுப்பினார். தமது வியாதிக்கு இனிப் பரிகாரம் இல்லை என்பதை அந்த வார்த்தையினால்தான் அறிந்துகொண்ட அந்த மனிதர், வீடு சென்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்புக்குச் சிகிச்சை செய்தேன், மனிதனைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்னும் உணர்ச்சியே ராஜகோபாலை வேறொரு மனிதராக்கியது. 1993இல் அவரும் சகாக்களும் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த வேதனைத் தணிப்புக் கிளினிக்கிலிருந்து கிளைத்த இயக்கம், ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டி, வீடுதேடிச் சென்று நோயாளரைப் பராமரிக்கும் ஏற்பாடாகக் கேரளம் முழுவதும் பரவியது. கெட்டிக்காரத்தனத்தோடு பரிவும் சேராவிடின் வேதனை வைத்தியம் பூரணமாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

மோர்பின் என்ற பெயரைக் கேட்டவுடனே நம் குடும்பங்களில் எழுகின்ற பீதி தனியாகச் சொல்லத்தக்கது. 'அதைத் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது' என்று எண்ணி, நோயாளி துடிப்பதைப் பார்த்துக்கொண்டே மருந்தை மறுக்கும் பிள்ளைகள் உண்டு. இந்தப் பீதியும் கடுமையான சட்டங்களும் சேர்ந்து விளைத்த அநீதியை, லான்செற் சஞ்சிகையின் ஆணைக்குழு 2017இல் கணக்கிட்டுக் காட்டியது: ஆண்டொன்றுக்கு உலகில் விநியோகமான மோர்பின் வகை மருந்து, மோர்பின் அளவிற் கணித்தால், ஏறக்குறைய 298.5 தொன், அதில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது வெறும் 0.1 தொன். மறுபுறத்தில், சாதாரண நாரி நோவுக்கும் இவ்வகை மருந்தை அள்ளி வழங்கிய அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் அளவுமீறி உட்கொண்டு மாண்டனர். ஆதலால், எவருக்கு, எப்பொழுது, எவ்வளவு என்று அறிந்து கொடுக்கும் பயிற்சி பெற்ற வைத்தியரின் கையில் மாத்திரமே அது அமிர்தமாகிறது. நம் வடக்கிலே, 2011ஆம் ஆண்டு தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடி நடந்து திரட்டிய பணத்தின் துணையோடு, 2013இல் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தமையால், சிகிச்சைக்காக மகரகம வரை அலைந்த துன்பம் பலருக்குக் குறைந்தது. அங்கு செல்பவர்கள் 'நோவுக்கு என்ன தருவீர்கள்' என்று கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

இவ்வகை நோவுகள் யாவற்றிலும், நோயாளர் மனங்கசந்து சொல்லும் முறைப்பாடு ஒன்றேதான்: தம் சொல்லை எவரும் நம்புவதில்லை என்பதே அது. "ஐயா, எக்ஸ்ரேயிலை ஒண்டுமில்லை, போட்டு வாங்கோ" என்று அனுப்பப்பட்டவர், வீட்டிலும் நம்பப்படாது, வேலைத்தலத்தில் கள்ளம் செய்கிறார் என்று ஏசப்படுகிறார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் மனநல வைத்தியராய்ப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரினால் நொந்த மக்கள் தம் துக்கத்தை உடல் நோவாகவே வைத்தியரிடம் கொண்டுவருவதை விரிவாக எழுதியிருக்கிறார். காணாமற்போன மகனை நினைத்துப் பொருமும் தாய் நெஞ்சு நோகிறது, தலை இடிக்கிறது என்று சொல்லுவது நடிப்பன்று. அவளுடைய நெஞ்சும் தலையும் மெய்யாகவே நோகின்றன. அவளுக்கு மாத்திரையோடு, அவளது கதையைக் கேட்கும் செவியும் வேண்டும்.

'எல்லாம் வினை, அநுபவித்துத் தீர்க்கவேண்டும்' என்று சமாதானம் சொல்லும் பெரியோர்களுக்கு, கொழும்புத்துறையையே உதாரணமாகக் காட்டலாம். இவ்வூரில் ஒரு சிறு குடிலில் பல்லாண்டுகள் வாழ்ந்த யோகர் சுவாமிகள், 1961ஆம் ஆண்டு, தாம் வளர்த்த வள்ளி என்னும் பசு தள்ளியதனால் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் ஆசுபத்திரியிற் சிகிச்சை பெற்று, 1964இல் சமாதியடையும்வரை சக்கர நாற்காலியின் துணையோடு வாழ்ந்தார். ஞானியின் தேகத்துக்கும் வைத்தியம் வேண்டியிருந்தது. அதைப் பெற்றதனால் அவருடைய ஞானம் குறைந்துவிடவில்லை. பொறுமை ஓர் உத்தம குணந்தான். ஆனால் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பிறருடைய வேதனைக்கு நாம் பொறுமையை உபதேசிப்பது தருமமாகாது.

வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. வைத்தியரிடம் போகுமுன், நோவு எப்பொழுது தொடங்கியது, எப்படிப்பட்டது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, நித்திரையை எவ்வளவு கெடுக்கிறது, என்னென்ன மருந்தும் எண்ணெயும் பாவித்தீர்கள் என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். பரியாரியாரிடம் பெற்ற குளிகையையும் மறைக்காமற் சொல்லுங்கள். 500 மில்லிகிராம் பனடோலை வளர்ந்தவர்கள் ஒரு நாளில் எட்டுக்கு மேல் எக்காரணங்கொண்டும் எடுக்கலாகாது. ஈரல் நோயுள்ளவர்களும் மதுப்பழக்கம் உள்ளவர்களும் அந்த அளவுக்கும் குறைத்தே, வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும். டைக்குளோபினக் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்குவதால், விசேஷமாக நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு, சிறுநீரகம் பழுதாகலாம்; இரைப்பையில் இரத்தம் கசியலாம். நாரி நோவோடு கால் மரத்துப் பலமிழந்தாலோ, மலசலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, காய்ச்சலும் காரணமற்ற மெலிவும் சேர்ந்தாலோ, ஒரு நாளும் தாமதியாமல் பெரியாசுபத்திரிக்குச் செல்லுங்கள். வீட்டில் ஒருவர் நோகிறது என்று சொன்னால், முதலில் நம்புங்கள். வைத்தியசாலைகளை நடத்துவோர், நாட்பட்ட நோவுக்கென்று நேரம் ஒதுக்கிக் கேட்கின்ற கிளினிக்குகளை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏற்படுத்துவது, புதிய இயந்திரம் ஒன்றை வாங்குவதிலும் அவசரமான கடமை. வேதனை நீங்கி வாழ்வது பணமுள்ளவர்களுக்கு மட்டும் உரிய சலுகை அன்று; கொழும்புத்துறைக் கடற்றொழிலாளிக்கும் அது உரிமை, அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.